வாட்டுக் கணக்கு

1998-ல் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவு விலை சிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெட்டியில் அச்சிட்டிருந்த வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றிவிட்டால் போதும். சிப்புக்குள் நாலரை மடங்கு என்று பூட்டி வைத்திருந்த பெருக்கம் தன் வேலையைச் செய்து, அதே சிப்பை 450-ல் ஓட்டியது. எல்லாச் சிப்பும் அப்படி ஓடவில்லை என்றாலும் ஓடியவை ஏராளம். அதே ஆண்டு வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-வுக்கு இன்டெல் வைத்திருந்த விலை, இதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஓவர்க்ளாக் என்ற சொல்லைக் கணினி விளையாட்டுக்காரர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்த சிப் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரே சிலிக்கான் தட்டில் அச்சாகும் சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் வருவதில்லை. எது எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று சோதித்துத் தரம் பிரிப்பார்கள். மலிவு ரகத்துக்குச் சந்தையில் கிராக்கி அதிகம் என்றால், நன்றாக ஓடக்கூடிய சிப்புக்கும் குறைந்த வேகத்தின் முத்திரையே விழும். போதாததற்கு, மோசமான மதர்போர்டு, தூசி அடைத்த ஃபேன், கோடை வெயில் எல்லாவற்றையும் எதிர்பார்த்துப் பாதுகாப்புக்காக ஒரு பங்கை விட்டுவைப்பார்கள். அந்தப் பங்கை எடுத்துக்கொள்வதுதான் அன்றைய ஓவர்க்ளாக்.

எடுப்பதற்குக் கையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஜம்பர் என்ற துணுக்குப் பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றி வேறு ஊசிகளில் மாட்ட வேண்டும். 2000-ல் ஏஎம்டியின் புதிய அத்லான், டூரான் சிப்கள் வந்தபோது வேடிக்கை இன்னும் கூடியது. சிப்பின் மேற்பரப்பில் எல்1 என்று பெயரிட்ட சிறு இணைப்புப் புள்ளிகள் வெட்டுப்பட்டிருந்தன; அவற்றின்மேல் சாதாரணப் பென்சிலால் கோடு இழுத்தால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தி, பெருக்கத்தின் பூட்டைத் திறந்துவிடும். ஒரு ரூபாய்ப் பென்சிலால் ஒரு புராசஸரின் வேகத்தை மாற்றிய தலைமுறை அது. கோடு தவறினால் அழிப்பானால் அழித்துவிட்டு மறுபடி போடலாம்.

இவ்வளவும் மேசைக் கணினியின் கதை. அன்றைய லேப்டாப்புக்கு இருந்த கவலையே வேறு. 2000 ஜனவரியில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் என்ற ஏற்பாட்டோடு மொபைல் பென்டியம் 3 சிப்பை வெளியிட்டது. சுவர் பிளக்கில் மாட்டியிருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பிளக்கைப் பிடுங்கினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். இரண்டே படிகள்.

இந்த நான்கு எண்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு வந்த கால் நூற்றாண்டின் சங்கதி முழுவதும் அவற்றுக்குள் இருக்கிறது. சிப் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும்; ஆனால் வோல்ட்டுக்கு வர்க்க விகிதத்தில் ஏறும். 650-லிருந்து 500-க்கு இறங்கியதில் இழந்த வேகம் 23 சதவீதம். வோல்ட்டையும் சேர்த்துக் குறைத்ததால் மிச்சமான மின்சாரமோ ஏறக்குறைய 45 சதவீதம். திருப்பிப் படித்தால் இன்னும் சுவாரசியம்: கடைசி 23 சதவீத வேகத்துக்காக ஒரு சிப் கேட்கும் விலை, அதுவரை தின்றதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். மேசைக் கணினியில் இந்த விலையைப் பெரிய ஹீட்சிங்க் கொடுத்துவிடும். இரண்டு விரல் பருமன்கூட இல்லாத லேப்டாப்பில் யார் கொடுப்பது?

எனவே அன்று லேப்டாப்பில் பவர் செட்டிங் என்றாலே பேட்டரியை நீட்டிக்கும் வழி என்றுதான் பொருள். விண்டோஸ் எக்ஸ்பியின் கண்ட்ரோல் பேனலில் லேப்டாப்புக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, அதிகபட்சப் பேட்டரிக்கு ஒன்று என்று ஒரு பட்டியல் இருக்கும். எத்தனை நிமிடத்தில் திரை அணைய வேண்டும், எப்போது ஹார்ட் டிஸ்க் தூங்க வேண்டும் என்பவைதான் அதில் பெரும்பாலும் தேர்வு. 2007-ல் விஸ்டா வந்தபோதுதான் பவர் சேவர், பேலன்ஸ்டு, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்ற மூன்று திட்டங்கள் வந்தன. ஹை பெர்ஃபார்மன்ஸ் என்ற பெயர் செய்த உபகாரத்தைவிடக் குழப்பம் அதிகம். அதைத் தேர்ந்தெடுத்தால் விளையாட்டு வேகமாகும் என்று இன்றுவரை நம்புகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் புராசஸரைச் சும்மா இருக்கும்போதுகூட ஓய்வெடுக்க விடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் என்பதை அந்தப் பேனல் தீர்மானிப்பதே இல்லை.

விளையாட்டுக்கென்று லேப்டாப் அன்று அநேகமாக இல்லை. நம் ஊரில் கவுண்டர் ஸ்டிரைக் ஆட பிரவுசிங் சென்டருக்குப் போவார்கள். லேப்டாப் என்பது ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் தோளில் தொங்கும் பொருள். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் பிளஸ் டூ மாணவர்கள் கைக்கு முதல் கணினியைக் கொடுத்தது. அதில் பாடத்தோடு வைஸ் சிட்டி விளையாட்டும் ஓடியது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அந்த மெஷின்களில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது என்பதால் ஏற்றவும் ஒன்றுமில்லை, இறக்கவும் ஒன்றுமில்லை.

தனி கிராபிக்ஸ் சிப் லேப்டாப்பில் வராமல் இல்லை. என்விடியா தன் ஜிஃபோர்ஸ் 2 கோ சிப்பை 2000-லேயே அறிவித்துவிட்டது. ரிவாட்யூனர் போன்ற மென்பொருள்கள் கோர் வேகத்துக்கு ஒரு ஸ்லைடர், மெமரி வேகத்துக்கு ஒரு ஸ்லைடர் என்று கொடுத்தன. மேசையில் பழகியவர்கள் அதே கையோடு லேப்டாப்பிலும் இழுத்துப் பார்த்தார்கள். இழுத்ததில் சில ஃபிரேம் கூடும், கூடவே சூடும் கூடும். சூடு என்ன செய்யும் என்பதை ஒருவரும் ஏற்றிவிடாத சிப்களே 2008-ல் காட்டிக்கொடுத்தன. லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றில் சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைத்த பொருள் பலவீனமாக இருந்தது. சூடாகிச் சூடாகி ஆறியதில் இணைப்பு விண்டுபோய்த் திரை கோடுகோடாகக் கிழிந்தது. அந்த ஜூலையில் என்விடியா இதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல் தன் பங்குக்கு, ஃபேன் முன்பைவிட அதிகம் சுற்றும்படி பயாஸை மாற்றிக் கொடுத்தது. கவனிக்க வேண்டியது, அங்கே கொன்றது வெறும் உச்ச வெப்பம் அல்ல. ஏறி இறங்கும் வெப்பம். செத்த போர்டை அடுப்பு ஓவனில் சுட்டு உயிர்ப்பித்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். சில வாரங்களுக்கு உயிர் வரும், பிறகு போய்விடும்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது 2012 மார்ச். மேசைக் கணினிக்கான ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு என்விடியா ஜிபியு பூஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதுவரை கிராபிக்ஸ் சிப்பின் வேகம் ஒரே எண். 680-க்கு அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ், ஆனால் வாட் எல்லைக்கும் வெப்ப எல்லைக்கும் உள்ளே இடமிருந்தால் சிப் தானாகவே அதைத் தாண்டி ஏறும். இடம் குறைந்தால் தானாகவே இறங்கும். அதாவது ஓவர்க்ளாக் செய்கிற ஆள் சிப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டான். நொடிக்குப் பலமுறை சூட்டைப் பார்க்கிறான், வாட்டைப் பார்க்கிறான், வோல்ட்டை மாற்றுகிறான். எந்தப் பொறுமைசாலிக்கும் ஸ்லைடரை அப்படி நகர்த்த வராது. சில ஆண்டுகளில் லேப்டாப் சிப்களும் இதே வழிக்கு வந்தன.

பெட்டியில் எழுதாமல் விட்டுவைத்திருந்த அந்தப் பாதுகாப்புப் பங்கு என்னவாயிற்று? அதை உற்பத்தியாளரே எடுத்துப் பெட்டியில் எழுதி விற்றுவிட்டார். இன்று ஒருவர் தன் லேப்டாப் கிராபிக்ஸை ஓவர்க்ளாக் செய்து மூன்று, ஐந்து சதவீதத்துக்கு மேல் கிடைக்கவில்லையே என்று ஏமாறுகிறார் என்றால் காரணம் இதுதான். செலரான் காலத்து 50 சதவீதம் மறைந்துபோகவில்லை. கடையில் வாங்கும்போதே அது விலையில் சேர்ந்துவிட்டது.

2015 தொடக்கத்தில் ஒரு சண்டை நடந்தது. ஜிடிஎக்ஸ் 900எம் வரிசை லேப்டாப்களில் புதிய டிரைவரைப் போட்டவர்களுக்கு ஓவர்க்ளாக் ஸ்லைடர் வேலை செய்யவில்லை. லேப்டாப்பின் மின்சுற்றும் குளிர்விப்பும் ஓவர்க்ளாக்குக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல, இதுவரை அது திறந்திருந்ததே ஒரு பிழை என்றது என்விடியா. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருளில் இருந்ததை டிரைவர் வழியே எடுத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டார்கள். சில நாட்களில் நிறுவனம் இறங்கிவந்தது. அடுத்த மாத டிரைவரில் திருப்பித் தருவதாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் மேசைக் கணினியின் முழு ஜிடிஎக்ஸ் 980 சிப்பையே லேப்டாப்பில் பொருத்தி, ஓவர்க்ளாக் செய்யலாம் என்று விளம்பரமும் செய்தது. வாங்கியவர்கள் பக்கமே நியாயம் என்று எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஆனால் மின்சுற்று பற்றி நிறுவனம் சொன்னதில் பொய் இல்லை.

அடுத்த ஆண்டு பெயரில் இருந்த ‘எம்’ போனது. 2016 ஆகஸ்டில் லேப்டாப்புக்கு வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் மேசைக்கும் மடிக்கும் ஒரே பெயர். வேகமும் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்கடுத்த ஆண்டு மேக்ஸ்-க்யூ. மெல்லிய லேப்டாப்புக்காகப் பெரிய சிப்பைக் குறைந்த வாட்டில் ஓட்டும் யோசனை அது. சாதாரண லேப்டாப்பில் 150 வாட் வாங்கும் ஜிடிஎக்ஸ் 1080-ஐ 90 முதல் 110 வாட்டுக்குள் அடக்கினார்கள். ஸ்பீட்ஸ்டெப்பின் நான்கு எண்களை நினைவில் வைத்திருப்பவருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கடைசிப் பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் வாட் கொட்டிக் கிடக்கும்.

அதுவரை மேக்ஸ்-க்யூ என்ற சொல் பெட்டியில் இருந்தது. எனவே வாங்குகிறவருக்கு ஒரு துப்பு இருந்தது. 2021 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்கள் வந்தபோது அந்தத் துப்பும் போனது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரின் கீழ் 60 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. 3080 என்றால் 80-லிருந்து 150-க்கும் மேல். 60 வாட் கொடுத்தவரும் 115 வாட் கொடுத்தவரும் ஒரே ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளலாம். கண்டனம் எழுந்த பிறகு வாட் அளவை வெளியிடும்படி தயாரிப்பாளர்களிடம் கேட்கப்பட்டது. அடுத்த தலைமுறையில் வித்தியாசம் குறையவில்லை, கூடியது: ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை.

அந்தத் தலைமுறையின் உச்சத்தில் இருந்ததன் கதை இன்னும் விசித்திரம். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090 தின்பது 450 வாட். அதில் 16,384 கோர்கள். லேப்டாப்பின் 4090-ல் 9,728 கோர்கள். அடிப்படை உச்சம் 150 வாட். அந்த 9,728 மேசைக் கணினியின் 4080 கார்டில் இருப்பது. சிப்பும் அதே சிப்தான். இதை ஏமாற்று என்று சொல்லத் தயங்குகிறேன், ஏனென்றால் 450 வாட்டை லேப்டாப்புக்குள் யாராலும் வைக்க முடியாது. பெயரில் நேர்மை இல்லை என்று மட்டும் தயங்காமல் சொல்வேன்.

எனவே இன்றைய கேமிங் லேப்டாப்பில் கேள்வியே மாறிவிட்டது. மெகாஹெர்ட்ஸ் எத்தனை என்று கேட்பவர் இல்லை. வாட் எத்தனை, அதில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. புராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் பொதுவாக ஒரே செப்புக் குழாய்கள், ஒரே ஜோடி ஃபேன், ஒரே சார்ஜர். ஒரே சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடு மாதிரி. மூத்தவன் அதிகம் செலவழித்தால் இளையவன் கட்டணத்தில் கை வைக்க வேண்டும். 2020-ல் வந்த டைனமிக் பூஸ்ட் இந்தப் பங்கீட்டை நொடிக்கு நொடி தானே செய்கிறது. புராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து 15 வாட்டை எடுத்து கிராபிக்ஸுக்குக் கொடுத்தது முதல் பதிப்பு. இப்போது 25 வரை போகிறது. ஏஎம்டியிலும் ஸ்மார்ட்ஷிஃப்ட் என்ற பெயரில் அதே ஆண்டு இப்படி ஒன்று வந்தது.

ஆனால் பங்கீடு எப்போதும் நியாயமாக நடப்பதில்லை. இன்றைய புராசஸர்கள் பெருந்தீனிக்காரர்கள். டர்போ வேகத்தைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஒரே குறிக்கோளோடு நூறு டிகிரி வரை ஏறத் தயாராக இருக்கும். 2018-ல் ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில் ஆறு கோர் ஐ9 புராசஸர் வந்தபோது, அது முந்தைய ஆண்டின் மலிவான ஐ7-ஐவிட மெதுவாக வீடியோ ஏற்றுமதி செய்ததை ஒரு யூடியூபர் காட்டினார். அதையே ஃப்ரீசருக்குள் வைத்தபோது வேகம் கூடியது. ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுவிட்டது என்று சொல்லி ஆப்பிள் சில நாட்களில் சரிசெய்தது. அது கேமிங் லேப்டாப் அல்ல என்றாலும், சின்னப் பெட்டியில் பெரிய புராசஸரை அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இந்தப் பங்கீட்டுக்கு இன்று மூன்று அதிகாரிகள். விண்டோஸின் பவர் மோடு ஒன்று. லேப்டாப் கம்பெனியின் மோடு இன்னொன்று: லெனோவோ லீஜியனில் எஃப்என், க்யூ இரண்டையும் அழுத்தினால் பவர் பட்டன் விளக்கு நீலம், வெள்ளை, சிவப்பு என்று மாறும், ஆசஸில் சைலன்ட், பெர்ஃபார்மன்ஸ், டர்போ. மூன்றாவது கிராபிக்ஸ் டிரைவர். இவற்றில் யார் சொல்வது செல்லும் என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். கிராபிக்ஸ் வாட்டைப் பொறுத்தவரை கம்பெனி மோடு சொல்வதே சட்டம். அதைச் சைலன்டில் வைத்துவிட்டு விண்டோஸில் உச்ச வேகத்தைத் தேர்ந்தெடுப்பதும், ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டுவதும் பெரிதாக எதையும் தராது. வாட் கூரை கீழே இருக்கிறது, சிப் அதில் தலை இடித்துக்கொண்டு நிற்கும்.

தெரிந்தவர்கள் இன்று செய்வது அநேகமாகக் குறைக்கும் வேலை. முதலில் புராசஸர். விண்டோஸ் பவர் பிளானின் அட்வான்ஸ்டு பகுதியில் அதிகபட்சப் புராசஸர் நிலை என்று ஒன்று இருக்கிறது. அதில் 100-ஐ 99 ஆக்கினால் டர்போ பூஸ்ட் நின்றுவிடும். ஒரே ஒரு எண்ணில் சூடு சட்டென்று விழும். கிராபிக்ஸ் சிப்தான் தடை என்கிற விளையாட்டுகளில் ஃபிரேம் எண்ணிக்கை அசையவே அசையாது. நொடிக்கு நூற்றைம்பது ஃபிரேமுக்கு மேல் கேட்கும் போட்டி விளையாட்டுகளில் அசையும். அங்கே புராசஸர்தான் முக்கியம். எனவே இது எல்லோருக்குமான மருந்தல்ல. கம்பெனி மென்பொருளில் புராசஸர் வாட்டை நேரடியாகக் குறைக்க முடிந்தால் அதுவே நயமான வழி.

இரண்டாவது, ஃபிரேம் எல்லை. 144 ஹெர்ட்ஸ் திரையில் 200 ஃபிரேம் ஓடினால் கண்ணுக்கு அநேகமாக லாபமில்லை. டிரைவரிலேயே எல்லை வைத்துவிட்டால் அந்த வாட் முழுவதும் மிச்சம். எளிய வேலை, ஆனால் செய்பவர் குறைவு.

மூன்றாவதுதான் ருசியானது. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தினால் ஒரு வளைகோடு திறக்கும். கீழ் அச்சில் வோல்ட், பக்க அச்சில் மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எவ்வளவு வேகம் என்று தொழிற்சாலை போட்ட கணக்கு அது. பழைய பழக்கத்தில் ஒருவர் கோர் ஆஃப்செட் என்று 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால், வளைகோடு முழுவதும் மேலே நகரும். வாட் கூரை அப்படியே இருக்கிறது. அப்படியானால் என்ன நடக்கிறது? முன்பு ஒரு வேகத்துக்குக் கேட்ட வோல்ட்டைவிடக் குறைந்த வோல்ட்டில் இப்போது அதே வேகம் கிடைக்கிறது. மிச்சமான வாட்டில் சிப் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அவர் ஓவர்க்ளாக் செய்ததாக நினைத்தார், செய்தது அண்டர்வோல்ட். இன்னொருவர் அதே வளைகோட்டில் 0.9 வோல்ட்டுக்கு மேல் எல்லாவற்றையும் தட்டையாக்குகிறார். அவர் நோக்கம் சூட்டைக் குறைப்பது. ஒரு வோல்ட்டில் கிடைத்த வேகம் 0.9-லேயே நிலையாகக் கிடைத்துவிட்டால் வர்க்கக் கணக்குப்படி சுமார் 19 சதவீத மின்சாரம் மிச்சம். கூரையில் இடித்துக்கொண்டிருந்த சிப்புக்கு அந்த மிச்சத்தில் ஒரு பங்கு கூடுதல் வேகமாகத் திரும்பிவரும். அன்று எதிரெதிர்த் திசையில் போன இரண்டு வேலைகள் வாட் எல்லைக்குள் வந்ததும் ஒரே வேலையாகிவிட்டன.

அளவு தாண்டினால் அன்றைப்போல இன்றும் விளையாட்டு நடுவில் தூக்கிப் போடும். சிப்புக்குச் சிப் தாங்கும் அளவு வேறு. பக்கத்து வீட்டுப் பையன் போட்ட எண்ணை அப்படியே போட்டால் ஒன்று உறையும், அல்லது நம் சிப்புக்கு இன்னும் இடமிருந்தும் தெரியாமல் போகும். ஐந்து நிமிட பெஞ்ச்மார்க்கில் தாங்குவது ஒன்றரை மணி நேரத்து ரே டிரேசிங்கில் சாய்வது வழக்கம். நல்ல வேளை, மறுபடி பூட் செய்தால் சரியாகிவிடும். பழைய பயாஸ் மாற்றங்களைப் போல போர்டையே செத்துப்போக விடாது.

நம் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். லேப்டாப் விமர்சனங்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் எடுக்கப்படுபவை. ஒரே வாட்டில் ஓடும் சிப், அறை வெப்பத்தைவிட ஏறக்குறைய ஒரே அளவு மேலே நிற்கும். 25 டிகிரி அறையில் 75 காட்டியது, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 88-ஐ நோக்கிப் போகும். லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகளில் பல 87 டிகிரிக்கு அருகில் வேகத்தை வெட்டத் தொடங்கும். வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத மாடி அறையில் ஆடுகிறவருக்கு மே மாதம் ஒரு புரொஃபைல், டிசம்பருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது மிகையல்ல. ஆஃப்டர்பர்னரில் ஐந்து புரொஃபைலுக்கு இடம் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பிரித்துத் தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்றித்தரும் கடைக்காரர்களைக் கேட்டால், “தம்பி, டர்போவை விடு, முதல்ல அடியில காத்து போக வழி பண்ணு” என்பார்கள். மெத்தைமேல் வைத்து ஆடும் லேப்டாப்புக்கு எந்த வளைகோடும் உதவாது.

குறைக்கும் உரிமையிலும் ஒரு கதவு சாத்தப்பட்டது. புராசஸர் வோல்ட்டைத் த்ராட்டில்ஸ்டாப், இன்டெல்லின் சொந்த எக்ஸ்டியு ஆகிய மென்பொருள்களால் இறக்கிக்கொள்வது பல ஆண்டுகள் சர்வசாதாரணமாக இருந்தது. 2019 டிசம்பரில் பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். வோல்ட்டை நுட்பமான தருணத்தில் இறக்கினால் புராசஸர் கணக்கைத் தப்பாகப் போடும். அதை வைத்து, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் இருக்கும் ரகசியச் சாவிகளைக் கறந்துவிடலாம் என்று காட்டினார்கள். இன்டெல் வழி சொன்னது. தயாரிப்பாளர்கள் பயாஸ் புதுப்பித்தலில் வோல்ட் கட்டுப்பாட்டையே பூட்டினார்கள். காலையில் அப்டேட் போட்டவர் மாலையில் லேப்டாப் பத்து டிகிரி அதிகம் கொதிப்பதைப் பார்த்தார். விளையாட்டுக்காக வாங்கிய மெஷினில் எஸ்ஜிஎக்ஸை ஆயுளில் ஒருமுறையாவது தொட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பூட்டைத் திறக்கும் விருப்பத்தைப் பயாஸில் விட்டுவைத்திருக்கலாம். பின்னாளில் எச்எக்ஸ் ரகப் புராசஸர்கள் சிலவற்றில் அது திரும்பி வந்தது. அதுவும் கம்பெனி மனது வைத்தால்.

பேட்டரி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தில் கேள்வி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட்-மணி என்பதால் பெரிய கேமிங் லேப்டாப்பின் பேட்டரிகூட அதற்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். மொத்தம் 180 வாட் தின்னும் மெஷினுக்கு 90 வாட்-மணி பேட்டரி அரைமணி நேரம். அந்த வேகத்தில் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சவும் விடமாட்டார்கள். பிளக்கைப் பிடுங்கியதும் ஃபிரேம் பாதியாகிறதே என்று பதறுகிறவர்களுக்கு, 2000-ல் ஸ்பீட்ஸ்டெப் செய்ததைத்தான் இது இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது என்று சொன்னால் போதும்.

ஓவர்க்ளாக் கைக்கு எட்டாத அளவுக்கு ஃபிரேமைக் கூட்டித்தரும் வேலையை இன்று வேறொன்று எடுத்துக்கொண்டுவிட்டது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குகிறது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து இடைப்பட்ட ஃபிரேம்களைத் தானே வரைந்து நுழைக்கவும் செய்கிறது. ஐந்து சதவீதத்துக்காக ஓர் இரவு முழுவதும் வளைகோட்டை நகர்த்துகிறவரைப் பார்த்து இதை மட்டும் ஆன் செய்கிறவர் சிரிக்கலாம். நுழைக்கப்பட்ட ஃபிரேமில் விளையாடுகிறவரின் கை அசைவு இல்லை, எனவே அது பார்வைக்குத்தான் வேகம் என்று வளைகோட்டுக்காரர் திருப்பிச் சொல்லலாம். இருவரும் சொல்வது சரி.

இப்போது லேப்டாப் கம்பெனிகளே தம் மென்பொருளில் கஸ்டம் அல்லது மேனுவல் என்ற மோடைத் தருகின்றன. புராசஸர் வாட்டுக்கு ஒரு ஸ்லைடர், ஃபேனுக்கு ஒரு வளைகோடு, கோருக்கும் மெமரிக்கும் ஆஃப்செட். ஜம்பரைத் தேடிய கைக்கு இது சொர்க்கம் மாதிரித் தோன்றும், ஸ்லைடரின் வலது ஓரத்தைத் தொடும் வரை. கிராபிக்ஸ் வாட்டுக்கு அங்கே எழுதியிருக்கும் உச்ச எண் அந்த மாடலுக்கு என்று பயாஸில் தீர்மானிக்கப்பட்டது. 85 வாட் என்று விற்ற 4060-ஐ அந்த ஸ்லைடரால் 115 ஆக்க முடியாது. அந்த எண்ணை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஆன்லைன் கடைகளின் பக்கங்களில் சிப்பின் பெயரும் மெமரி அளவும் கொட்டை எழுத்தில் இருக்கும், வாட் பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தைத் திறந்து, கிராபிக்ஸ் வாட்டைக் குறிக்கும் டிஜிபி என்ற மூன்றெழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கேயும் சிலர், டைனமிக் பூஸ்டின் 25-ஐச் சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டிருப்பார்கள்.